கொக்குக்கு எழுதிய வளவு

"என்ட வளவு எண்டு சொல்றத்துக்கு ஒங்களுக்கு நாக்கு எப்பிடி வந்த—"

"மெல்லக் கதை புள்ள, அடுத்த வளவுல ஆக்கள்—"

"கேக்கட்டும்! மருத மரம் ரெண்டுலயும் செவப்புப் பெயின்ற் அடிச்சிக் கிடக்கி. ஊர் முழுக்கப் பாத்திட்டு, எனக்கு மட்டும்தான்—"

"அது சும்மா ஒரு அடையாளம். அளக்கிறத்துக்கு. அதுக்குப் போய் நீ—"

"அடையாளமா? மகள்ர ஊட்டுக்கு அத்திவாரம் வெட்டப் போற இடத்துல கொக்குக்கு அடையாளமா?"

பீப்பாவுக்குள் நெல் கொதித்துக்கொண்டிருந்தது. ஸுல்பிகா காய்ந்த தென்னோலையை முறித்து அடுப்புக்குள் திணித்த திணிப்பில் தீப்பொறி பறந்து அவளுடைய முந்தானை வரைக்கும் வந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. சுபஹுத் தொழுதுவிட்டு வந்த அவளுடைய புருசன் அச்சிமுகம்மது தொப்பியைக் கழற்றாமல் கிணற்றடியில் நின்றார். உள்ளே வரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை.

"முள்ளுக்கம்பி அடிக்கப் போறாங்களாம். பதினஞ்சு வருசத்துக்கு ஒரு கல்லும் வைக்கக் கூடாதாம். நெருப்பு மூட்டக் கூடாதாம். இத எனக்கு மில் ஹாஜியார்ர வண்டில்காரன் முத்தலிப்பு வந்து சொல்லோணுமா? நெல்லு ஏத்த வந்தவன் சொல்றான், 'ராத்தா, இனி நீங்க எங்க நெல் அவிப்பீங்க' எண்டு. நான் பேய் மாதிரி நிண்ட."

"சொல்லத்தான் இரிந்த. நேரம் பாத்து."

"எப்ப? கம்பி அடிச்சி முடிஞ்சி, நான் வேலிக்கு இங்கால நிண்டு கொக்குக்குச் சலாம் சொல்லக்குள்ளயா?"

"ஸுல்பி, இஞ்சப் பாரு. சீமையில இரிக்கிற சங்கம் காசு தருது. பட்டணத்துக்குள்ள இரிக்கிற பறவைக்கு இடம் செய்ய. நம்மட ஊருக்கு இப்பிடி ஒண்டு வந்ததே பெரிய காரியம். என்னையும் உப தலைவரா—"

"உப தலைவர்! கால்ல போடுற பாட்டாவுக்கு வார் இல்ல, உப தலைவர்!"

அறைக்குள் இருந்து மகள் றமீஸா சிரித்துவிட்டாள். சிரித்தவள் உடனே அழவும் தொடங்கினாள். அந்தச் சத்தம் கேட்டதும் அச்சிமுகம்மது தொப்பியைக் கழற்றினார்.

கல்முனைக் கரையில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுடையது. உம்மாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்தது மகளுக்குப் போகும். ஆண் பிள்ளை கலியாணத்தன்று ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான், மௌத்தாகும்வரை அங்கேதான் இருப்பான். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. எவ்வளவு வடிவாக இருந்தாலும், எத்தனை தரம் குர்ஆன் ஓதி முடித்திருந்தாலும் இல்லை. ஸுல்பிகாவின் வளவு தோணாவை ஒட்டி நீளமாகக் கிடந்தது. மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போகும் வாய்க்கால்தான் தோணா. வளவின் முன்பாதியில் அவளுடைய வீடு. பின்பாதியில் நெல் அவிக்கும் அடுப்பும், காயப்போடும் நிலமும், கரையில் இரண்டு மருத மரங்களும். அந்தப் பின்பாதி றமீஸாவுக்கு. அவள் பிறந்த நாளிலிருந்தே அது அப்படித்தான். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மறந்ததுமில்லை.

அச்சிமுகம்மது மருதமுனையிலிருந்து வந்தவர். ஆண்கள் உடுக்கும் கைத்தறிச் சாரம் வாங்கிக் கல்முனைச் சந்தையில் நிலத்தில் விரித்து விற்பார். நல்ல மனிதர்தான். கோபம் வராது, கையை ஓங்கமாட்டார், கிடைத்ததைக் கொண்டுவந்து பெண்டாட்டியிடம் கொடுப்பார். ஆனால் அந்த வீட்டின் வயிற்றை நிரப்பியது சாரம் அல்ல, நெல். வயல் கண்டத்தில் வெட்டி வரும் நெல்லை ஸுல்பிகா வாங்கி ஊறப்போடுவாள். விடிய எழும்பி பீப்பாவில் அவிப்பாள். நெல் வாய் பிளந்ததும் பாயில் கொட்டிப் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் துழாவிக்கொண்டே நடப்பாள். காய்ந்ததை மீராசாஹிபு ஹாஜியாரின் மில்லில் குத்திக் கடைகளுக்குக் கொடுப்பாள். அவளுடைய உள்ளங்கால் தோல் வண்டில் வார்போலத் தடித்துக் கிடந்தது.

கொக்குகள் முன்னர் அவளுடைய வளவுக்கு வந்ததில்லை. அவை தோணாக் கரைச் சேற்றில் வளரும் கண்ணா மரங்களில்தான் கிடந்தன. சூறாவளி அடித்த வருடம் தென்னைகள் முழுவதும் படுத்துவிட்டன, ஆனால் கண்ணாக்கள் தப்பின. குட்டை மரம், காற்றுக்குப் பணிந்து கிடந்து பிறகு எழும்பிக்கொண்டது. சூறாவளி விட்டதைத்தான் ஹாஜியார் விடவில்லை. மில்லுக்குப் பின்னால் இருந்த கண்ணாக்களை வெட்டி, உமிச் சாம்பலையும் கிறவல் மண்ணையும் கொட்டித் தோணாவைப் பாதியாக மூடி, நெல் ஸ்டோர் கட்டினார். இருக்க இடமில்லாத கொக்கும் நாரையும் நீர்க்காகமும் மருத மரங்களுக்கு வந்து சேர்ந்தன. எச்சம் விழுந்தது. குஞ்சுகள் கக்கிய மீன் பாயில் விழுந்து நாறியது. ஸுல்பிகா நெல்லுக்கு மேலே பழைய வலை கட்டினாள், வாய் ஓயாமல் ஏசினாள், ஒருநாளும் கல்லெறியவில்லை. "சூறாவளிக்குள்ள நாமளும் பள்ளிக்கூட நிலத்துல படுத்த தானே. எங்க போறதுகள்?" என்பாள்.

சீமைக் காசு வந்த கதை அச்சிமுகம்மதுவின் வாயிலிருந்து துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை வந்திருக்கிறார். பட்டணத்துக்குள்ளே இவ்வளவு பறவையா என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார். ஹாஜியார் உடனே ஒரு சங்கம் கூட்டினார், தானே தலைவரானார். காசு கொடுக்க வேண்டுமானால் தண்ணீரை ஒட்டிய ஒரு நிலத்தை அடைத்துப் பறவைக்கென்று விடவேண்டும் என்று துரை சொன்னாராம். எந்த நிலம், யாருடைய நிலம் என்று கேட்டாராம். ஹாஜியார் திரும்பி, அண்ணன் முறை வைத்து, "நம்மட அச்சிமுகம்மது காக்காட வளவு இரிக்கே" என்றாராம். சபை முழுவதும் அச்சிமுகம்மதுவைப் பார்த்ததாம்.

"நீங்க என்ன சொன்ன?"

"ஓம் எண்டு சொன்ன."

"என்ன ஓம்?"

"ஓம், என்ட வளவுதான் எண்டு."

*

பாலமுனையிலிருந்து ஆயிஷா உம்மா வந்தபோது லுஹர் தொழுகைக்கு முந்திய வெயில். றமீஸாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா. பஸ்ஸில் நசுங்கி வந்த கோபமும் அவளோடு சேர்ந்து வேலிக் கடப்பால் உள்ளே வந்தது. கையில் ஒரு பை கருவாடு. கருவாட்டைக் கொடுத்துவிட்டுத்தான் சண்டை பிடிக்கவேண்டும் என்ற மரியாதை அவளிடம் இருந்தது.

ஸுல்பிகா புட்டும் விரால் மீன் ஆணமும் வைத்தாள். ஆயிஷா உம்மா சாப்பிட்டாள், ஆணத்தில் புளி கூடிப்போயிற்று என்றாள், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழும்பி நேரே பின்வளவுக்குப் போய் மரத்தைப் பார்த்தாள்.

"அப்ப கதை உண்மதான்."

"என்ன கதை ராத்தா?"

"பாலமுனைச் சந்தையில சிரிக்கானுகள் தங்கச்சி. 'ஆயிஷா உம்மாட மகன் கல்முனையில கொக்குக் கூட்டுக்குள்ள மாப்பிள்ளையாப் போறான்' எண்டு. என்ட மகன நான் ஒன்ட மகளுக்கா கட்டிக் குடுக்கன், கொக்குக்கா?"

"ராத்தா, அது ஒரு பிழை. நான் சரிக்கட்டுவன்."

"எப்பிடிச் சரிக்கட்டுவ? வெள்ளக்காரனோட கதைப்பியா?"

"தேவை எண்டா கதைப்பன்."

"ஒன்ட மகளப் பத்திக் கொற சொல்ல வரல்ல. புள்ள தங்கம். எனக்கு நாலும் ஆம்புளப் புள்ள, நாலும் நாலு ஊட்டுக்குப் போறானுகள், எனக்கிட்ட ஒருத்தனும் இரிக்கப் போறதில்ல. போற எடத்துல கூரையாச்சும் இரிக்கோணும் எண்டு பாக்கிறது பிழையா? சொல்லு."

"பிழை இல்ல."

"அத்திவாரத்துக்கு முதல் கல்ல வை. அண்டைக்கே நாள் குறிப்பம். கல்லு வைக்காம என்னக் கூப்புடாத. எனக்கு இந்த பஸ்ஸுல வந்து போக ஏலா."

போகும்போது றமீஸாவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அந்தத் தடவலில் ஒரு விடைபெறுதல் இருந்தது.

*

மறுநாள் அவள் நெல் மூட்டையோடு தானே மில்லுக்குப் போனாள். முக்காட்டை இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். மிஷின் ஓடும் சத்தத்தில் மில் முழுவதும் அதிர்ந்தது. தவிட்டுத் தூசுக்குள் பெண்கள் சாக்கோடு காத்திருந்தார்கள். ஹாஜியார் மேசைக்குப் பின்னால் அத்தர் மணக்க இருந்தார். அவளைக் கண்டதும் எழும்பப்போவதுபோல ஒரு பாவனை காட்டினார், எழும்பவில்லை.

"வாங்க தங்கச்சி. காக்கா சுகமா? நல்ல மனிசன். ஊருக்கு எண்டு ஒண்டு கேட்டா ரெண்டு தரம் யோசிக்காத மனிசன்."

"அவர் யோசிக்காததாலதான் நான் வந்த ஹாஜியார். அந்த வளவு அவர்ர இல்ல. என்ட உம்மா எனக்குத் தந்தது. ஒங்களுக்குத் தெரியும். என்ட கலியாணத்துக்கு நீங்க வந்து திண்ட."

ஹாஜியார் சிரித்தார். "ஊட்டுல பொண்டாட்டிட, வெளியில புருசன்ட. இதுல என்ன? பொதுக் காரியம் தங்கச்சி. வாயில்லாச் சீவனுக்கு ஒரு முடர் தண்ணி குடுத்தாலும் நன்ம இரிக்கி."

"அப்ப அந்த நன்மைய நீங்களே எடுங்களன்."

"என்ன?"

"மில்லுக்குப் பொறகால தானே அதுகள் கூடு கட்டிக் கிடந்த. ஸ்டோருக்கு அங்கால இன்னும் மண் கொட்டிக்கிட்டுத்தானே இரிக்கிறீங்க. இப்பவும் ட்ரக்டர் சத்தம் கேக்குது. அதை நிப்பாட்டிட்டு அங்க கம்பி அடிங்க. கண்ணாக் கண்டு நட நானும் வாறன். சேத்துல எறங்கத் தெரியாத ஆள் இல்ல நான்."

மிஷின் திடீரென்று நின்றதுபோல இருந்தது. ஆனால் நிற்கவில்லை, காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

"அது வியாபார நிலம்," என்றார் ஹாஜியார். சிரிப்பு முகத்தில் இருந்தது, குரலில் இல்லை. "அங்க கடை வரப்போகுது. அதுக்கு ஒரு வெல இரிக்கி."

"என்ட மகளுக்கு வெல இல்லையா?"

"தங்கச்சி, பெரிய ஆக்கள் கதைச்சி முடிச்ச விசயம். நீங்க ஊட்டுக்குப் போங்க. மறுகா, நம்மட மிஷினும் சரியில்ல. இந்த மூட்டைய இண்டைக்குக் குத்த ஏலாது போல. வேற மில்லுல ஒருக்காப் பாருங்களன்."

அவளுக்குப் பக்கத்தில் நின்றவளின் நெல் அப்போதுதான் மிஷினுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஸுல்பிகா சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்க யாரும் கை கொடுக்கவில்லை. முழங்காலில் ஏற்றி, இடுப்பில் ஏற்றி, தானே தலையில் வைத்துக்கொண்டாள். வீதியில் வரும்போது கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

*

அச்சிமுகம்மது சந்தையால் வந்து சாரப் பொட்டலியை அவிழ்க்காமல் இருந்தார். அவள் மூட்டையைக் கீழே போட்ட சத்தத்தில் நிமிர்ந்தார்.

"குத்தல்லயா?"

"ஒங்கட தலைவர் குத்த மாட்டாராம்."

அவர் சாரப் பொட்டலியைத் தள்ளி வைத்தார். பிறகு கதைத்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவ்வளவு நீளமாக அவர் கதைத்ததில்லை.

"என்ன ஒரு கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்ல புள்ள. பள்ளியில பின் வரிசை. சந்தையில நிலம். இஞ்ச ஒன்ட ஊடு. நீ ஒருநாளும் சொல்லிக் காட்டல்ல, அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றன், நீ சொல்லிக் காட்டினதில்ல. ஆனா எனக்குத் தெரியும்தானே. அண்டைக்கு அத்தன பேரும் கதிரையில இருந்து என்னத் திரும்பிப் பாக்காங்க. வெள்ளக்காரன் கை குடுக்கான். 'அது என்ட பொண்டாட்டிட' எண்டு அந்த நேரத்துல எப்பிடிச் சொல்ற? வாய்ல வந்திட்டு. ஒரு சொல்லுத்தான்."

அவளுக்கு ஒரு கணம் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்ததற்காகவே இன்னும் கோபம் வந்தது.

"நீங்க ஆம்புளையாகிறத்துக்கு என்ட மகள்ர ஊடா கிடைச்ச? வேற ஒண்டும் கிடைக்கல்லையா? கோழியக் குடுத்திரிக்கலாம். என்ட காதுல கிடக்கிற அல்லுக்குத்தக் குடுத்திரிக்கலாம்."

"ஸுல்பி..."

"போய்ச் சொல்லுங்க. சபையில சொன்னத்தச் சபையிலயே போய் இல்ல எண்டு சொல்லுங்க."

"என்ன பொய்காரன் எண்டு சொல்லுவாங்க. ஜும்ஆவுக்கு எப்பிடி முகம் காட்டுற?"

"மகள் பாலமுனைக்காரிட முகத்துல எப்பிடி முழிக்கிற எண்டு கேட்டீங்களா?"

அவர் எழும்பிப் போய்க் கிணற்றில் தண்ணீர் அள்ளி வுழூச் செய்தார். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

*

கம்பி அடிக்கிற நாள் காலையில் ஸுல்பிகா வழக்கத்தைவிட முந்தி எழும்பினாள். வீட்டில் இருந்த நெல் முழுவதையும், ஊறியது ஊறாதது என்று பாராமல், மில் திருப்பி அனுப்பிய மூட்டையையும் அவிழ்த்து, பின்வளவு முழுக்கப் பரப்பினாள். பாய் முடிந்ததும் சாக்கை விரித்தாள், சாக்கு முடிந்ததும் பழைய சேலையை விரித்தாள். அடுப்படியிலிருந்து மருத மரத்து வேர் வரைக்கும் பொன் நிறமாக நெல். றமீஸாவும் சேர்ந்து பரப்பினாள். வலையை மட்டும் கட்டவில்லை. எச்சம் விழுந்தால் விழட்டும் என்று விட்டாள்.

அவர்கள் வந்தார்கள். முன்னால் ஹாஜியார், நடுவில் சிவந்த கழுத்தோடு துரை, பக்கத்தில் அரசாங்கக் கந்தோர் ஐயா ஒருவர், மொழி சொல்லப் புண்ணியமூர்த்தி மாஸ்டர். பின்னால் முத்தலிப்பின் வண்டிலில் கட்டைகளும் முள்ளுக்கம்பிச் சுருளும். மாஸ்டர் பாண்டிருப்புக்காரர், றமீஸாவுக்கு இங்கிலீஸ் படிப்பித்தவர், கையெழுத்து வடிவான பிள்ளை என்று அவளைப் பற்றி ஊரெல்லாம் சொன்னவர்.

துரை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சப்பாத்துக் காலை முன்னுக்கு வைத்தார்.

"தொரே! நில்லுங்க, நில்லுங்க!" என்று கத்தியது முத்தலிப்பு. கந்தோர் ஐயா அவரது கையைப் பிடித்து இழுத்தார். ஹாஜியாரின் காலும் தானாகவே பின்வாங்கிற்று. அந்த ஊரில் செருப்புக் காலால் சோற்றை மிதிப்பவன் இல்லை. ஹாஜியாரும் நெல்லில் வாழ்கிற மனிதர்தான். ஐந்து ஆண்கள் நெல்லின் விளிம்பில், சப்பாத்தும் பாட்டாவுமாக, வரிசையாக நின்றார்கள். மேலே கொக்குகள் கலைந்து சத்தம் போட்டன.

நெல்லின் நடுவே ஸுல்பிகா வெறுங்காலோடு துழாவிக்கொண்டு நடந்தாள்.

"தங்கச்சி, இத ஒருக்கா அள்ளுங்க," என்றார் ஹாஜியார்.

"காயல்ல ஹாஜியார்."

"எப்ப காயும்?"

"மில்லுல குத்தாத நெல்லு. அதுக்கு அவசரம் இல்ல."

கந்தோர் ஐயா ஹாஜியாரைப் பார்த்தார். "இது ஆர்ர காணி? நீங்க அச்சிமுகம்மது எண்டெல்லோ சொன்னீங்க?"

அச்சிமுகம்மது கிணற்றடியில் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தானே வந்தார். நெல்லின் ஓரத்தில் பாட்டாவைக் கழற்றிவிட்டு நின்றார்.

"என்ட இல்ல ஐயா. நான் பொய் சொன்ன. இது அவட வளவு."

முத்தலிப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஹாஜியார் சிரிக்கவில்லை. அவர் இதற்கெல்லாம் ஆயத்தமாக வந்தவர்போல இரண்டு கையையும் விரித்தார்.

"ஆர்ர எண்டா என்ன? புருசன் சொன்னா என்ன, பொண்டாட்டி சொன்னா என்ன? தங்கச்சி, தொரை கடல் தாண்டி வந்து வெயிலுக்குள்ள நிக்காரு. சம்மதம் எண்டு ஒரு தலைய ஆட்டுங்க. அது போதும்."

ஸுல்பிகா துழாவுவதை நிறுத்தினாள். துரையை நேரே பார்த்தாள். முக்காடு தோளில் விழுந்ததை அவள் எடுத்துப் போடவில்லை.

"மாஸ்டர், நான் சொல்றத்த அவருக்குச் சொல்லுங்க. இந்தக் கொக்க நான் வெரட்டல்ல. வெரட்ட மாட்டன். இந்த மரத்தயும் வெட்ட மாட்டன். என்ட மகள் இந்த மரத்துக்குக் கீழ ஊடு கட்டி, எச்சத்தக் கழுவிக் கழுவி, இதுகளோடயே இரிப்பாள். ஆனா கம்பி அடிக்க ஒரு கட்டயும் இந்த மண்ணுல எறங்காது. கொக்குட ஊட்ட இடிச்சவன் இவர்தான், ஒங்களுக்குப் பக்கத்துல அத்தர் பூசிக்கிட்டு நிக்கிற இவர். அங்க மண் கொட்டுற, இஞ்ச வேலி போடுற. ஒங்கட காச வாங்கி, அவர் மூடின தோணாவ மறைக்கிறத்துக்கு என்ட புள்ளட வளவப் பிடிக்காரு. போய்ப் பாருங்க, ட்ரக்டர் இப்பவும் ஓடுது. அதப் பாக்காம எங்கட மரத்த அண்ணாந்து பாக்கிற நீங்களும் ஒரு மனிசனா? நாசமாப் போக ஒங்கட காசு! எங்களுக்கு வேணாம்!"

கடைசிச் சொற்களில் அவளுடைய குரல் கிழிந்தது. றமீஸா ஓடிவந்து உம்மாவின் கையைப் பிடித்தாள். துரை மரியாதையோடு மாஸ்டர் பக்கம் திரும்பிக் காதைச் சாய்த்தார்.

புண்ணியமூர்த்தி மாஸ்டர் ஹாஜியாரைப் பார்த்தார். கந்தோர் ஐயாவைப் பார்த்தார். கழுத்துக்குள் வேர்வையைத் துடைத்தார். பிறகு துரையின் காதுக்குள் இங்கிலீஸில் ஏதோ சொன்னார். நாலைந்து சொல்தான் இருக்கும்.

சம்மதம் கிடைத்தவர்போலத் துரையின் முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஸுல்பிகாவைப் பார்த்துக் குனிந்து, பல் தெரியச் சிரித்தார். ஹாஜியாரும் சிரித்தார். முத்தலிப்பு வண்டிலிலிருந்து முதலாவது கட்டையை இறக்கித் தோளில் வைத்தான்.

ஸுல்பிகா நெல்லுக்கு மேலால் மாஸ்டரிடம் வந்தாள்.

"மாஸ்டர், நான் ஏசின ஏச்சுக்கு அந்தாள் சிரிக்காரே, நீங்க என்னத்தச் சொன்னீங்க?"